பூச்சியறிந்த தூண்டில்

நுழையும்முன்

மீனை அறிய விரும்புவோர் முதலில் அதன் இரையை அறிதல் வேண்டும். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் அயல்நாட்டு மீனொன்று குடியேறிய வரலாற்றையும், அதற்கு இரையாகும் சிற்றுயிர்களின் வாழ்வையும், அவை உணர்த்தும் சூழலியல் உண்மையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஈசலும் கெண்டையும்

கோடையில் காய்ந்து கிடக்கும் பாஞ்சாலங்குறிச்சி வட்டாரத்தில் மழை பெய்து நிலம் குளிர்ந்ததும், புற்றுகளிலிருந்து ஈசல்கள் கூட்டமாக எழும். குளத்து நீரில் விழும் ஈசல்களைக் கெண்டை மீன்கள் துள்ளிக் கவ்வும். மீன் எப்போது மேலே வரும் என்பதைப் பூச்சியே சொல்லிவிடுகிறது. இந்த எளிய உண்மையின்மீது எழுந்த கலைதான் செயற்கைப் பூச்சித் தூண்டில். தமிழகத்தில் அக்கலை வேரூன்றிய இடம் நீலகிரி.

கடல் கடந்து வந்த மீன்

ஐரோப்பியர் தம் நாட்டு ஓடைகளில் பிடித்துப் பழகிய மீன் ட்ரவுட். இந்திய மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே 1860களில் அதனை நீலகிரிக்குக் கொணர முயன்றார், அம்முயற்சி பலிக்கவில்லை. நெடிய கப்பற்பயணத்தின் வெப்பத்தைக் குளிர்நீர் மீன் தாங்குவது அரிது.

1907இல் சென்னை மாகாண மீன்வளத்துறை தோன்றியது. தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பிகள் வாழும் பார்களைக் கவனித்து வந்த அத்துறையே மலை ஓடைகளிலும் கருத்துச் செலுத்தியது. எச். சி. வில்சன் என்னும் மீன்வளர்ப்பு வல்லுநரின் முயற்சியால் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட் இங்கு நிலைபெற்றது.

இம்மீனுக்கு உயிர்வளி மிகுந்த, தெளிந்த, குளிர்ந்த நீர் இன்றியமையாதது. பெண் மீன் சரளைக்கற்களிடையே வாலால் குழி பறித்து முட்டையிடும். நீரின் வெப்பம் ஏறத்தாழ 10 பாகை செல்சியசாக இருப்பின், முட்டை பொரிக்க ஒரு மாதம் ஆகும்.

நீருக்குள் ஓராண்டு, வெளியே ஒரு நாள்

ஐரோப்பாவில் மே மாதத்தில் மிகுதியாகத் தோன்றுவதால் மேப்பூச்சி எனப் பெயர்பெற்ற பூச்சியினம் உண்டு. அதன் இளவுயிரி கற்களுக்கடியில் பாசியை உண்டு பல மாதங்கள் வாழும். சில இனங்களில் இக்காலம் ஓராண்டையும் கடக்கும். வளர்ச்சி முற்றியதும் நீர்ப்பரப்புக்கு எழுந்து, தோலுரித்துச் சிறகு விரிக்கும். பின்னர் மீண்டும் ஒருமுறை தோலுரிக்கும். சிறகு முளைத்தபின் தோலுரிக்கும் பூச்சி இது ஒன்றே. முதிர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாய் இல்லை. இணைந்து முட்டையிட்டுச் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மடியும்.

குளிர்நாடுகளில் பனி உருகிய வேனிலில் இவை ஒருசேர எழும். வெப்பமண்டல மலைகளிலோ எழும் காலம் பல மாதங்களுக்குப் பரந்திருக்கும். எனவே, நீலகிரியில் தூண்டிலிடுவோர் நாட்காட்டியை நம்ப இயலாது; நீரையே நோக்க வேண்டும்.

இறகால் ஆன இரை

தூண்டில்காரர் ஓடைக்கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியுள்ள உயிரைப் பார்ப்பார். நீர்மேல் பறப்பதன் நிறத்தையும் அளவையும் மனத்திற்கொள்வார். பின்னர், கொக்கியின்மீது இறகையும் மயிரையும் நூலால் சுற்றிச் செய்த போலிப் பூச்சிகளுள் அதற்கு ஒத்த ஒன்றைத் தேர்வார். போலிப் பூச்சிக்கு எடை இல்லை. கனமான தூண்டில் கயிறே அதனைச் சுமந்து சென்று நீரில் மெல்ல இறக்கும். ஓட்டத்திற்கு மாறாக அது இழுபட்டால் மீன் ஐயுற்று விலகும்.

தெரியுமா?

மாசிடோனியர் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் சுற்றிய கொக்கியால் மீன் பிடித்ததை, ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏலியன் என்னும் உரோம எழுத்தாளர் குறித்துள்ளார்.

ஓடை கேட்கும் கணக்கு

மேப்பூச்சியின் இளவுயிரி செவுள்களால் மூச்சுவிடுவது. சாக்கடையும் பூச்சிக்கொல்லியும் வண்டலும் கலந்த நீரில் பெரும்பாலான இனங்கள் வாழா. ஆகவே, நீரின் தூய்மையை அளக்க அறிஞர்கள் இவற்றைக் கணக்கிடுகின்றனர். பூச்சி நீங்கிய ஓடையில் மீனும் நிலைக்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வானவில் ட்ரவுட் பூச்சிகளோடு தலைப்பிரட்டைகளையும் சிறுமீன்களையும் உண்ணும். உலகில் பெருந்தீங்கு விளைவிக்கும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றுள்ளது. பொழுதுபோக்குக்காக ஓர் உயிரைக் குடியேற்றியவர்கள், அங்கு முன்பே வாழ்ந்த உயிர்களைக் கணக்கில் கொண்டாரில்லை. குடியேறிய மீனைக் காப்பதா, மண்ணின் உயிர்களைக் காப்பதா என்னும் வினா இன்று நம்முன் நிற்கிறது. எவ்விடை கூறினும், ஓடையைக் காத்தல் இரண்டிற்கும் பொது. அவலாஞ்சியின் நீர் குந்தா வழியே பவானியை அடைந்து காவிரியில் கலக்கிறது. மலையில் ஒரு சிறுபூச்சி வாழும் தூய்மை, சமவெளியில் மாந்தர் பருகும் நீரின் தொடக்கமாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் குளத்திலோ ஓடையிலோ காணும் நீர்ப்பூச்சிகளை உற்றுநோக்கி, அவற்றின் ஊர்வழக்குப் பெயர்களைத் தொகுத்து எழுதுக.

2. ‘அயல் உயிரினங்களைக் குடியேற்றுவது நன்மையா, தீமையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.