மருந்தாளரும் நாட்டு வைத்தியரும்

அறக்கட்டளையின் ஆண்டு மலருக்கு மருத்துவக் கட்டுரை ஒன்று வேண்டுமென அறங்காவலர்கள் பணித்தபோது, இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு என்று வழக்கமான பொருளிலேயே எழுதிவிடலாமென முதலில் எண்ணினேன். பின்னர், நானே செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்குவதே பயனுடையதெனத் தோன்றியது.

ஜொகூர் மாநிலத்தின் சிறு பட்டணம் ஒன்றில் நான் மருந்தாளராகப் பணி தொடங்கிய காலம். தோட்டத்துப் பாட்டி ஒருவர் இருதய பலவீனத்திற்கான நீர் மாத்திரையை என்னிடம் வாங்கிச் செல்வார். ஒருநாள், இருமலுக்குத் தோட்டத்து வைத்தியர் கஷாயம் கொடுத்திருப்பதாகச் சொன்னார். என்ன கஷாயம் என்று நான் கேட்கவில்லை. "வேரும் தழையும் இனி வேண்டாம் பாட்டி" என்று எரிச்சலோடு சொல்லி அனுப்பினேன். பாட்டி கஷாயத்தை விடவில்லை; என்னிடம் சொல்வதைத்தான் விட்டார். சில வாரங்களில் கால்கள் துவண்டு விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைந்திருந்தது.

கஷாயத்தில் இருந்தது அதிமதுரம். தொண்டைக்கு இதமான மருந்துதான். ஆனால் அதிலுள்ள கிளிசிரிசின் என்னும் பொருள், அளவு மிகுந்தால் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். பாட்டி உண்ட நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றும் வகையைச் சேர்ந்ததே. நல்லவேளை, பாட்டி பிழைத்துக்கொண்டார். நான் வைத்தியரைத் தேடிப் போனேன். சண்டை பிடிக்கும் எண்ணத்தோடுதான் போனேன் என்பதை மறைப்பானேன்? அவர் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, நீர் மாத்திரை விஷயம் தெரிந்திருந்தால் ஆடாதொடையோடு நிறுத்தியிருப்பேனே. எனக்கு யார் சொன்னார்கள்?" என்னிடம் பதில் இல்லை.

மரபு வைத்தியரை மதித்து நடப்பது என்றால் என்ன என்பதற்கு நம் அகத்தியர் பெயர் தாங்கிய மலையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1987 டிசம்பரில் அகத்தியமலைக் காடுகளில் ஆராய்ச்சியாளர் குழு ஒன்று நடந்து களைத்தது. வழிகாட்டிகளாக வந்த காணி பழங்குடியினரோ ஏதோ ஒரு சிறு காயை மென்றபடி களைப்பின்றி நடந்தனர். கேட்டபோது எளிதில் சொல்லவில்லை. அது அவர்கள் குலத்தின் இரகசியம். வற்புறுத்திக் கேட்ட பின்னரே ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைக் காட்டினர். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிலையத்தில், டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் அதை ஆராய்ந்து, வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கினர். 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு அதன் உரிமம் வழங்கப்பட்டது: முன்பணம் 10 இலட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு உரிமைத்தொகை. இவற்றில் சரிபாதி காணிகளுக்கு என்பது முடிவு. அதற்காகவே 1997-இல் காணிகளின் அறக்கட்டளை ஒன்று பதிவு பெற்றது.

உலகமே பாராட்டிய ஏற்பாடு இது. ஆனாலும் முழுக்கதையையும் சொல்வதே நேர்மை. பிலாத்தி எனப்படும் காணி வைத்தியர்களுள் சிலர், குலத்தின் அறிவை விலைக்குக் கொடுப்பதா என்று எதிர்த்தனர். வனத்துறையோ செடியை வளர்க்கவும் பறிக்கவும் தடை போட்டது. காட்டியவர்கள் சிலர், காத்து வந்தவர்கள் வேறு சிலர். யாருடைய சம்மதம் சம்மதம்? என் கருத்தில், பணத்தைப் பங்கிட்டது நற்செயல். பிலாத்திகளை முதலிலேயே அமர்த்திக் கேட்டிருந்தால் அது மேலும் நற்செயலாகியிருக்கும்.

நம் ஜொகூரிலும் எண்டாவ் ஆற்றங்கரையில், கம்போங் பெத்தாவில் ஜக்கூன் பூர்வகுடியினர் வாழ்கின்றனர். இத்தகையோரின் மூலிகையறிவை வெளியார் ஆய்வுக்கு எடுக்குமுன் அச்சமூகத்தின் சம்மதம் பெற வேண்டும், பலனில் பங்கு தர வேண்டும் என்பதற்கு 2017-இல் நிறைவேறி 2020 டிசம்பரில் நடப்புக்கு வந்த சட்டம் ஒன்று மலேசியாவில் உண்டு. மரபு வைத்தியர்களைப் பதிவு செய்வதற்கென 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது. ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் மரபு மருத்துவப் பிரிவே இயங்கி வந்திருக்கிறது.

மரியாதை என்றால் கண்ணை மூடிக்கொள்வதன்று. 1992 முதல் மரபு மருந்துகளும் இந்நாட்டில் பதிவு பெற்றே விற்கப்பட வேண்டும். உறையில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி 'டி' என்னும் எழுத்தில் முடியும் எண்ணைப் பாருங்கள். பாதரசம் பத்து இலட்சத்தில் அரைப் பங்கு, ஈயம் 10 பங்கு, இவற்றைத் தாண்டினால் பதிவு கிடையாது. ரசம் சேர்ந்த செந்தூரங்கள் இதில் தேறமாட்டா. சித்த வைத்தியர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. முறையாகச் சுத்தி செய்தது என்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன். ஆனால் ஆய்வுக்கூட அறிக்கை இல்லாமல் ஒரு கர்ப்பிணிக்குக் கொடுக்கச் சம்மதிக்க மாட்டேன். தொங்காட் அலி காப்பி என்ற பெயரில் ஆங்கில மாத்திரைத் தூளைக் கலந்து விற்றுப் பிடிபட்டவையும் பல. அதற்குப் பூர்வகுடி வைத்தியர்மீது பழி போடுவது என்ன நியாயம்?

அந்தத் தோட்டத்து வைத்தியர் இன்று நம்மிடையே இல்லை. அவர் இருந்தவரை, சந்தேகம் வந்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் மூலிகைப் பெயர்களை எழுதி நோயாளியிடமே கொடுத்தனுப்புவார். நான் பின்பக்கத்தில் மாத்திரைப் பெயர்களை எழுதித் திருப்பி அனுப்புவேன். எங்கள் மருத்துவ முகாமுக்கு வரும் அன்பர்கள் மாத்திரை, லேகியம், கஷாயப் பொடி, அண்டை வீட்டார் கொடுத்த வேர் என்று அனைத்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன். யாரும் திட்டமாட்டோம்.