முகத்தில் வெட்டுப்பட்ட காசு

அன்புள்ள கயல்,

எழும்பூர் அருங்காட்சியகத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், "திமிங்கல எலும்புக்கூடு, பெரிசா இருந்துச்சு அத்தை" என்கிறாய். அவ்வளவுதானா? உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. உன் வயதில் நானும் எல்லாக் கூடங்களையும் ஒரே மூச்சில் சுற்றிவிட்டு, கால்வலியை மட்டும் மயிலாப்பூருக்குக் கொண்டுவந்தவள்தான்.

இந்தத் தடவை இரண்டே பொருளுக்காகப் போவோம்.

முதலாவது, கல். அந்த அருங்காட்சியகமே 1851-இல் கல்லிலிருந்துதான் தொடங்கியது. சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த ஆயிரத்துச் சொச்சம் பாறை, கனிம மாதிரிகளை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வைத்தார்கள். 1854-இல் எழும்பூருக்கு மாறியது. நிலவியல் கூடத்தில் 'சார்னகைட்' என்ற பெயரைத் தேடு. நாம் கருங்கல் என்று சொல்லிவிட்டுப் போகிற பரங்கிமலைப் பாறைதான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை சென்னைக் கல்லில் செய்தது. அதை ஆராய்ந்த ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893-இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். கல் நம்முடையது, பெயர் அவருடையது! அதே வட்டாரத்துப் பல்லாவரத்தில் 1863 மே மாதம் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். நம் நாட்டுப் பழைய கற்கால ஆய்வு அங்கேதான் பிறந்தது.

இரண்டாவது, காசு. இதற்குத்தான் நேரம் வேண்டும்.

கோவைப் பக்கம் வெள்ளலூர், பொள்ளாச்சி என்று தோண்டிய இடங்களில் ரோமானியக் காசுகள் பானை பானையாகக் கிடைத்திருக்கின்றன. ரோமுக்கும் கொங்கு நாட்டுக்கும் என்ன உறவு? காங்கேயம் அருகே படியூரில் வெட்டியெடுத்த பெரில் என்ற மணிக்கல்லுக்கு ரோமானியச் சீமாட்டிகளிடம் கிராக்கி. மிளகுக்கும் அப்படியே. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்கிறார்.

இங்கே கிடைத்த அந்தக் காசுகள் சிலவற்றில், பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருக்கும். அதற்கு அறிஞர்கள் பல காரணம் சொல்கிறார்கள். இனி இது காசாகச் செல்லாது, எடைக்கு எடை தங்கம்தான் என்று யாரோ தீர்த்துச் சொன்ன வெட்டு என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படியொன்று கண்ணில் பட்டால் ஐந்து நிமிடமாவது நில்.

விளிம்பையும் பார். அச்சு ஒருபக்கம் ஒதுங்கி, எழுத்து பாதியில் அறுந்திருக்கும். கீழே ஓர் அச்சு, நடுவில் சூடான வில்லை, மேலே ஓர் அச்சு, ஓங்கி ஒரு சுத்தியல் அடி. கை கொஞ்சம் நழுவியிருக்கிறது. இயந்திரம் வந்த பிறகு இந்த அழகு போய்விட்டது. நம் ஊரில் தங்கசாலை என்று பஸ் நடத்துநர் கூவுகிறாரே, அந்தப் பெயரும் அங்கே இருந்த நாணயச்சாலையால் வந்ததுதான்.

உழும்போது கிடைத்த காசு நேரே தட்டார் உலைக்குப் போகாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்ததற்கு 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் ஒரு காரணம். பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும். எத்தனை பேர் தெரிவித்திருப்பார்கள் என்பது வேறு கதை.

வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் சனிக்கிழமை வா. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் நான்காவது நிலையம் எழும்பூர். தாத்தாவின் பூதக்கண்ணாடியை மறக்காமல் எடுத்து வா. திரும்பும்போது திமிங்கலத்தையும் ஓர் எட்டுப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அத்தை