ஏலக்கூடத்துக் கணினி

நுழையும்முன்

மலையில் விளையும் ஏலக்காய்க்கு அடிவாரத்து ஊரில் விலை குறிக்கப்படுகிறது. அவ்விலையை உரத்துக் கூவிய காலம் போய், விசையைத் தட்டிப் பதியும் காலம் வந்துள்ளது. ஓர் ஆண்டின் உழைப்பு ஒரு திரையில் எண்ணாகத் தோன்றும்போது, அவ்வெண் எவ்வழியாக வந்தது என்று அறிவது உழைத்தவரின் உரிமை. அவ்வழியிலுள்ள வன்பொருள்களை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

கூவிய குரலும் தட்டிய விசையும்

தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையாக நிற்பது மேற்குத்தொடர்ச்சி மலை. அதன்மேல், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் விரிந்துள்ளது ஏலமலை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகள் அம்மலையைக் கம்பம் பள்ளத்தாக்கோடும் போடிநாயக்கனூரோடும் இணைக்கின்றன. விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறிச் செல்லும் தொழிலாளர்களும், போடியில் காய்களைத் தரம்பிரிக்கும் பெண்களும் இவ்வணிகத்தின் அடித்தளமாவர்.

நறுமணப்பொருள் வாரியத்தின் உரிமம் பெற்ற நிறுவனங்கள் ஏலக்காய் ஏலத்தை நடத்துகின்றன. முன்பு வணிகர்கள் வாய்விட்டு விலை கேட்டனர். 2007ஆம் ஆண்டில் மின்னணு ஏலமுறை நடைமுறைக்கு வந்தது. வணிகர் மாதிரிக் காயைக் கையிலெடுத்து நிறம், பருமன், மணம் ஆகியவற்றைப் பார்க்கிறார். தாம் தர விரும்பும் விலையைத் தம் முன்னுள்ள கருவியில் பதிகிறார். மூக்கும் கண்ணும் செய்யும் வேலையைக் கணினி ஏற்கவில்லை. விலையைக் கேட்பது, ஒப்பிடுவது, காட்டுவது, பதிந்துவைப்பது ஆகிய நான்கையே அது ஏற்றுக்கொண்டது. இந்நான்கு செயல்களுமே கணினி வன்பொருளின் நான்கு பிரிவுகளாகும்.

வன்பொருளும் மென்பொருளும்

கணினியில் கண்ணால் காணவும் கையால் தொடவும் இயலும் உறுப்புகள் அனைத்தும் வன்பொருள் எனப்படும். அவ்வுறுப்புகள் எதை, எவ்வரிசையில் செய்யவேண்டும் என்னும் கட்டளைகளின் தொகுப்பு மென்பொருள் எனப்படும். ஏலக்கூடத்தின் திரையும் விசைப்பலகையும் வன்பொருள். முந்தைய விலையைவிடக் கூடுதலான விலையையே ஏற்கவேண்டும் என்னும் விதி மென்பொருளில் அடங்கும். ஒன்றின்றி மற்றொன்று இயங்காது.

உள்ளீடும் வெளியீடும்

வெளியிலிருந்து தகவலைக் கணினிக்குள் செலுத்துபவை உள்ளீட்டுக் கருவிகள். விசைப்பலகை, சுட்டி, வருடி, ஒலிவாங்கி, படக்கருவி ஆகியன இவ்வகையின. எடையை எண்ணாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும்படி இணைக்கப்பட்ட மின்னணுத் தராசும் உள்ளீட்டுக் கருவியே. கணினி கண்ட முடிவை நமக்குத் தெரிவிப்பவை வெளியீட்டுக் கருவிகள். திரை, அச்சுப்பொறி, ஒலிபெருக்கி ஆகியன இவ்வகையின. தொடுதிரையோ இருபணியையும் ஆற்றுகிறது.

உள்ளிட்டது பிழையாயின் வெளிவருவதும் பிழையாகவே இருக்கும். 1,500 என்று பதிய எண்ணியவர் 15,000 என்று பதிந்தால் அதன் உட்கருத்தை வன்பொருள் அறியாது. எனவே, பதிந்ததைத் திரையில் ஒருமுறை சரிபார்த்தல் கணினியைப் பயன்படுத்துவோரின் முதற்கடமையாகும்.

மையச் செயலகம்

கணக்கிடுதலும் ஒப்பிடுதலும் நடைபெறும் இடம் மையச் செயலகம். இதன் ஒரு பகுதியான கணித ஏரணச் செயலகம் எண்களைக் கூட்டும், கழிக்கும். இரண்டில் எது பெரிது என்று ஒப்பிடும். மற்றொரு பகுதியான கட்டுப்பாட்டகம் கட்டளைகளை வரிசைப்படி நிறைவேற்றும். இவையிரண்டும் ஒரே சில்லில் அமைந்தது நுண்செயலி. 1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய நுண்செயலிகளில் அவை பல நூறு கோடியாகப் பெருகியுள்ளன. மூன்று கிகாஹெர்ட்ஸ் வேகமுடைய செயலியின் கடிகாரம் ஒரு நொடியில் 300 கோடி முறை துடிக்கிறது. நம் செவிக்கு ஒரே நேரத்தில் எழுந்தனவாகத் தோன்றும் இரு கேட்புகளைக் கணினி முன்பின்னாகப் பிரித்தறிவது இவ்வேகத்தினால்தான்.

செயலகம், நினைவகம் ஆகியவற்றையும் ஏனைய உறுப்புகளுக்கான இணைப்புகளையும் தாங்கி நிற்கும் பலகை தாய்ப்பலகை எனப்படும்.

நினைவகமும் சேமிப்பகமும்

தொடக்கநிலையில் பலரும் குழப்பிக்கொள்ளும் சொற்கள் இவ்விரண்டும். ஏலக்காய்க் கிடங்கில் மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். தரம்பிரிப்பவர் அனைத்தையும் ஒரே வேளையில் பிரித்துக் கொட்டுவதில்லை. அப்போதைக்கு வேண்டிய அளவையே மேசையில் பரப்புவார். கிடங்கு போன்றது சேமிப்பகம். மேசை போன்றது தற்காலிக நினைவகம். காயைப் பிரிக்கும் கை போன்றது செயலகம். மேசை சிறிதாயின் கை எவ்வளவு விரைவானதாயினும் அடிக்கடி கிடங்குக்குச் செல்ல நேரும். நினைவகம் குறைந்த கணினி மெதுவாக இயங்குவதன் காரணமும் இதுவே.

இவ்வுவமை ஓரிடத்தில் பொருந்தாது. விளக்கு அணைந்தாலும் மேசைமேல் உள்ள காய் அங்கேயே இருக்கும். தற்காலிக நினைவகத்தில் உள்ள தகவலோ மின்சாரம் நின்றவுடன் அழிந்துவிடும். பருவக்காற்றில் மரம் முறிந்து மின்கம்பி அறுந்தால், சேமிப்பகத்தில் அதுவரை எழுதப்படாத கேட்பு காணாமற்போகும். இதனைத் தடுக்கவே தடையிலா மின்வழங்கி பொருத்தப்படுகிறது. தன்னுள் உள்ள மின்கலத்தின் துணையால், பணியை முறையாகச் சேமித்து நிறுத்துவதற்கான கால இடைவெளியை அது தருகிறது.

நிலையான சேமிப்பகங்களுள் இரண்டு இன்று மிகுதியாகப் பயன்படுகின்றன. வன்தட்டு, சுழலும் தட்டில் காந்தப் பதிவாகத் தகவலைக் காக்கிறது. திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்பு இல்லை. சில்லுகளில் மின்னூட்டமாகத் தகவல் தங்குகிறது. மலைப்பாதையில் குலுங்கிச் செல்லும் மடிக்கணினிக்குப் பின்னது ஏற்றது.

தெரியுமா?

1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு அமைப்பில் 50 தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துருக்களையே காத்தன.

தகவலின் அளவு

கணினி அறிந்தவை 0, 1 என்னும் இரு குறிகளே. இவற்றுள் ஒன்று பிட் எனப்படும். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 மதிப்புகளுள் ஒன்றைக் குறிக்கலாம். எனவே, 1,500 என்னும் எண்ணைக் குறிக்க ஒரு பைட் போதாது, இரண்டு வேண்டும். ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் பெறும். ‘ஏலம்’ என்னும் சொல்லில் ஏ, ல, ம, புள்ளி என நான்கு குறிகள் உள்ளமையால் அது 12 பைட்டுகளைக் கொள்ளும்.

கணினி வகைகள்

மேசைக்கணினி, மடிக்கணினி, கைக்கணினி, திறன்பேசி ஆகியவை அளவில் வேறுபடினும் உறுப்புகளால் ஒத்தவை. பல கணினிகளின் கோரிக்கைகளை ஏற்று விடையளிக்கும் கணினி சேவையகம் எனப்படும். ஒரு கட்டடத்திலுள்ள கணினிகளை இணைப்பது குறும்பரப்பு வலையமைப்பு. தொலைவிலுள்ள சேவையகங்களை இணையவழியே பயன்படுத்துவது மேகக் கணிமை. 2021இல் இம்முறை ஏலக்காய் ஏலத்திலும் புகுந்தது. போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டத்தின் புத்தடியிலும் உள்ள வணிகர்கள், தத்தம் மையத்தில் இருந்தவாறே ஒரே ஏலத்தில் பங்கேற்க வழி பிறந்தது. ‘மேகம்’ என்பது பெயரளவில்தான். அதற்கு அடியில் இருப்பனவும் செயலகமும் நினைவகமும் சேமிப்பகமுமே.

பெயரறிந்தால் பழுதறியலாம்

‘கணினி கெட்டுவிட்டது’ என்பது ‘உடம்பு சரியில்லை’ என்பதைப் போன்றது. எவ்வுறுப்பு என்று அது சொல்வதில்லை. திரை இருண்டிருந்து உள்விசிறி சுழன்றால், திரையையும் அதன் கம்பியையும் முதலில் ஆராயவேண்டும். எவ்வொலியும் ஒளியும் இல்லையேல் மின்வழங்கியை ஆராயவேண்டும். தாய்ப்பலகை பழுதானாலும், சேமிப்பகம் நலமாயிருந்தால் அதிலுள்ள கணக்குகளை மீட்க வழியுண்டு. இதனை அறியாதவர் முழுக் கணினியையும் தூக்கியெறிவார். அறிந்தவர் பழுதான உறுப்பை மட்டும் மாற்றுவார்.

ஏலத்தட்டில் உள்ள காயின் தரத்தை அறிந்தவரை விலையில் ஏமாற்றுதல் அரிது. கருவியின் உறுப்பறிந்தவருக்கும் அது பொருந்தும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் நியாயவிலைக் கடை, வங்கி, பேருந்து ஆகியவற்றில் காணும் கருவிகளை உள்ளீடு, வெளியீடு எனப் பகுத்துப் பட்டியலிடுக.
2. நினைவகம், சேமிப்பகம் ஆகியவற்றின் வேறுபாட்டை உங்கள் ஊர்த் தொழில் ஒன்றை உவமையாக்கி விளக்குக. அவ்வுவமை பொருந்தாத இடத்தையும் சுட்டுக.
3. ‘தேனி’ என்னும் சொல் யுடிஎஃப்-8 முறையில் எத்தனை பைட்டுகள் பெறும் எனக் கணக்கிடுக. உயிர்மெய்க் குறிகளைத் தனியே எண்ணுக.

கலைச்சொல் அறிவோம்

ஹார்டுவேர் – வன்பொருள்
சாஃப்ட்வேர் – மென்பொருள்
கீபோர்டு – விசைப்பலகை
மதர்போர்டு – தாய்ப்பலகை
ஹார்ட் டிஸ்க் – வன்தட்டு
சர்வர் – சேவையகம்
யுபிஎஸ் – தடையிலா மின்வழங்கி