மூல வைகைக் கரையில் கப்பல் பொங்கல்

கடல் வரலாற்றுக் கண்காட்சியோடு பொங்கல் கொண்டாட மயிலாடும்பாறையைச் சொன்னால், மலையடிவாரத்தில் கப்பலுக்கு என்ன வேலை என்றுதான் முதலில் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. விழாக் குழுவினர் வசூலுக்குக் கிளம்பும் முன்பே இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். ஊரை ஒட்டி ஓடும் மூல வைகை வருசநாட்டு மலையில் பிறக்கிறது. வைகையாக 258 கிலோமீட்டர் கடந்து ராமநாதபுரம் சீமையில் கடலை எட்டுகிறது. அந்த முகத்துவாரத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில் தொல்லியல் துறை 1986 முதல் பலமுறை அகழாய்வு செய்ததில், ரோமானியக் காசுகளும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. இங்கே ஆண்டிபட்டி வட்டத்திலேயே, புலிமான்கோம்பையில் 2006இல் தமிழி எழுத்துள்ள நடுகற்கள் வெளிப்பட்டன. அதே தமிழியில் ‘பானை ஒறி’ என்று பொறித்த ஓடு எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல் கதீமில் கிடைத்திருக்கிறது. உள்நாட்டுச் சரக்கும் உள்நாட்டு மனிதரும் இல்லாமல் எந்தத் துறைமுகமும் பிழைத்ததில்லை. ஒடிசாவின் கட்டாக் நகரமும் கடற்கரை ஊரல்ல. ஆனாலும் அம்மாநிலத்தின் கடல்சார் அருங்காட்சியகம் அங்கே மகாநதிக் கரையில்தான் இருக்கிறது. கார்த்திகைப் பௌர்ணமியன்று சனங்கள் திரண்டு சின்னஞ்சிறு படகுகளை ஆற்றில் விடுகிறார்கள். பாலி யாத்திரைத் திருவிழாவும் அன்றுதான் தொடங்குகிறது.

நாள் குறிக்கும்போது ஆடிப்பெருக்குதான் முதலில் ஆசை காட்டும். அதை விட்டுவிடுங்கள். மூல வைகைக்குத் தண்ணீர் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியது; ஆடியில் மணலைத்தான் கும்பிட வேண்டியிருக்கும். காணும் பொங்கல் பொருத்தம். அன்று நாலு இடம் போய்ப் பார்ப்பதே வழக்கம், பள்ளி மைதானமும் காலியாக இருக்கும். ஊராட்சியிடமும் தலைமையாசிரியரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அருங்காட்சியகத்துக்கு எழுதும்போது அசல் தொல்பொருளைக் கேட்காதீர்கள். திருவிழாக் கூட்டத்துக்கும் புழுதிக்கும் நடுவே அதை வைப்பது முறையல்ல. பெரிய அளவுப் படங்கள், நகல்கள், பேசத் தெரிந்த ஓர் அலுவலர், இவை போதும். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் இதே வைகைக்காரர்களுடையது, அங்கிருந்து தொடங்குங்கள்.

மைதானத்தில் ஆற்றைக் கோலமாவால் வரையுங்கள். பத்து கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் 26 மீட்டர் நீளம் வரும். சாதாரணப் பள்ளி மைதானம் தாங்கும். ஒரு முனையில் வருசநாட்டு மலை, அதை ஒட்டி நம்மூர், பிறகு 1959இல் திறந்த வைகை அணை, மதுரை. மதுரையிலிருந்து ஓர் எட்டு தாண்டினால் கீழடி, மறுமுனையில் அழகன்குளம். அந்தந்த இடத்தில் அந்தந்தப் படத்தை நிறுத்துங்கள். பிள்ளைகள் நடந்தே கடலுக்குப் போவார்கள். போகிக்குக் கழித்த பழைய மண்பானைகளை வீடுவீடாகச் சேர்த்து, உடைத்து, ஓட்டின் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கி வையுங்கள். ஆளுக்கொரு ஓடும் ஆணியும் கொடுத்து, அழகன்குளத்துப் படத்தைப் பார்த்துக் கப்பல் கீறச் சொல்லுங்கள். சுட்ட ஓட்டில் ஒரு வளைகோடு இழுப்பது எவ்வளவு பாடு என்பது கை வலிக்கும்போது தெரியும்; அதன்பின் அந்தப் படத்தை அவர்கள் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். அடுப்பில் வெண்பொங்கல் வைத்து, பக்கத்தில் ஏழரைக் கிலோ மிளகைக் குவித்துக் காட்டலாம். செங்கடல் கரையின் பெரெனிகேயில், இந்திய மண்ஜாடி ஒன்றில் கிட்டத்தட்ட அவ்வளவு மிளகுதான் இருந்தது. மிளகு விலைக்கு இது கட்டுப்படியாகாது என்பார்கள். மளிகைக் கடையில் இரவல் வாங்கி, சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பண்டிகை நாளில் பாடம் நடத்தாதே என்ற ஆட்சேபம் வரும். அதுவும் சரிதான். அதனால்தான் மேடைப் பேச்சு பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வரலாறு பானையிலும் அடுப்பிலும் கோலத்திலும் தானாக ஏறிவிடும். கடைசியில் வாழைமட்டைப் படகு விடுங்கள். ஆற்றில் கணுக்காலளவு தண்ணீர் ஓடினால் அங்கே, இல்லாவிட்டால் அண்டாவில். பிளாஸ்டிக் வேண்டாம், தெர்மாகோலும் வேண்டாம். வைகை அணை நீர் ஆவியாகாமலிருக்க 2017இல் தெர்மாகோலை மிதக்கவிட்டுப் பட்ட பாடு போதும். ஊர்ப் பெருமை பேசும் ஆசையில், நம் மலைச் சரக்கு இந்த ஆற்றில் படகேறி ரோமுக்குப் போனது என்று பதாகை எழுதிவிடாதீர்கள். மழைக்கு மட்டும் பெருகும் காட்டாற்றில் அப்படிப் போக்குவரத்து நடந்ததென்று சொல்லச் சான்று வேண்டும். புலிமான்கோம்பைக்கும் அழகன்குளத்துக்கும் சான்று இருக்கிறது, அது போதாதா? அருங்காட்சியகத்துக்கான கடிதத்தை ஐப்பசியிலேயே அனுப்பிவிடுங்கள். மார்கழியில் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும், பள்ளியில் ஒருவரும் கையில் சிக்கமாட்டார்கள்.