பானெட்டுக்கு எந்த நிறம்?

குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியா ஏற்காடு ஏறுற மலைப்பாதையில் ஓடுற ஒரு பழைய ஜீப்பை எடுத்துக்கோங்க. பானெட் துருப்பிடிச்சுப் போச்சு, வேற ஒண்ணு கிடைச்சிருக்கு. என்ன நிறம் அடிப்பீங்க?

"பாடி நிறமே அடிச்சிடலாம்"னு தோணும். ஆனா பல வருஷ வெயிலில் பாடி பெயிண்ட் வெளுத்திருக்கும். அதனால் புது பானெட் ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும். முழுசா வேற நிறம் அடிச்சா, வேணும்னே செஞ்சது மாதிரி இருக்கும். 1995-இல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி 'போலோ ஹார்லக்கின்' காரை இப்படித்தான் செய்தது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சைன்னு நாலு நிற கார்களின் பானெட், கதவுகளை மாத்தி மாத்திப் பொருத்தினாங்க.

சரி, எது கான்ட்ராஸ்ட்? பெயர் வேறன்னா போதாது, வெளிச்ச அளவு வேறயா இருக்கணும். நம்ம ஸ்கிரீனில் வெள்ளை நிறத்தின் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72%, சிவப்பு 21%, நீலம் 7%. மெரூன் பாடிக்குக் கரும்பச்சை பானெட் போட்டா, கொஞ்ச தூரத்திலேயே ரெண்டும் ஒரே இருட்டாத்தான் தெரியும். இதுக்கு ஒரு ஈஸி டெஸ்ட் இருக்கு: ரெண்டு நிறத்தையும் சேர்த்து போட்டோ எடுத்து, போனில் கறுப்பு-வெள்ளையா மாத்துங்க. ஒண்ணாக் கலந்துட்டா வேற நிறம் தேடுங்க.

மலையில் இது வெறும் அழகு விஷயம் இல்லை. பனிமூட்டம் முதலில் நிறத்தைத்தான் வெளுக்க வைக்கும். வெள்ளை, சில்வர் வண்டிகள் அதுக்குள்ளேயே கரைஞ்சிடும். காபித் தோட்டத்து சில்வர் ஓக் நிழலில் கறுப்பு வண்டி மறைஞ்சிடும். ஒண்ணு வெளிர், ஒண்ணு அடர்த்தின்னு இருந்தா, எந்தப் பின்னணியிலும் ஏதாவது ஒரு பாகம் எதிரில் வர்றவர் கண்ணில் படும். வெள்ளை ஜீப்னா மேட் கறுப்பு பானெட் நல்லது. வெயில் பட்டு டிரைவர் கண்ணைக் கூசவும் செய்யாது. அடர்நிற ஜீப்னா கிரீம் அல்லது மஞ்சள். ஆனா எந்தப் பெயிண்டும் ஹெட்லைட்டுக்கு மாற்று கிடையாது.

ஜீப்னாலே பலருக்கு ஆலிவ் கிரீன் ஆசை வரும். வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121-இன்படி அது ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான். ஆர்.சி.யிலும் வண்டி நிறம் பதிவாகியிருக்கும். அதனால் பட்டி பார்த்து பிரைமர் அடிக்கிறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.