திறக்காத ஒலிக் கோப்பைத் திறக்கும் முறை



முன்பு பேனா செய்த வேலையில் பெரும்பகுதியை இப்பொழுது குரல் செய்து வருகிறது. வாடிக்கையாளர் தமக்கு வேண்டிய சாமானை வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்புகிறார். ஊரிலிருந்து உம்மா பேசி அனுப்புகிறார்கள். மர்ஹூமாகிவிட்ட வாப்பாவின் குரல் ஒரு பழைய கைப்பேசியிலோ கல்யாண வீடியோவிலோ கிடக்கிறது. இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலைக் குறைத்து, வேண்டிய பகுதியை எடுத்து வைக்கலாமென்று உட்காருகிறவர் முதற்படியிலேயே நின்றுவிடுகிறார். கோப்பைத் திறக்கப் போனால், 'இந்த வகை எமக்குத் தெரியாது' என்ற கருத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது. உடனே கோப்பு கெட்டுவிட்டதென்று முடிவு கட்டி அழித்து விடுகிறவர்களும் உண்டு. அழிந்துபோன குரலை எந்தப் பட்டணத்தில் போய்க் கொள்முதல் செய்வது? ஆகவே, இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதப் புகுகிறோம்.

இவ்வேலைக்கு ஆடாசிட்டி என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸ்ஸோனி, ரோஜர் டானன்பெர்க் என்ற இருவர் தொடங்கிய இது, 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விலை கிடையாது. விலையில்லாச் சரக்கென்றால் வியாபாரிக்குச் சந்தேகம் வருவது இயல்பே; இதில் அது வேண்டியதில்லை. ஆனால் அதன் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்கிக்கொள்ள வேண்டும்.

கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து எம்பி3, வேவ், எம்4ஏ, ஓபஸ் என்றெல்லாம் வருகிறதல்லவா? அது டின்னின் மேல் ஒட்டிய லேபிள். உள்ளேயிருக்கும் சரக்கு வேறு விஷயம். எம்4ஏ என்பதை அழித்துவிட்டு எம்பி3 என்று எழுதினால் கோப்பு மாறிவிடுமென்று சிலர் எண்ணுகிறார்கள். உப்பு மூட்டையில் சீனி என்று எழுதி வைத்தால் தேநீர் இனிக்குமா?

வேவ், ஏஐஎஃப்எஃப், ஃப்ளாக், ஓக், எம்பி3 ஆகிய வகைகளை ஆடாசிட்டி தன் கையிருப்பைக் கொண்டே திறந்துவிடும். ஐபோனில் பதிவான எம்4ஏ, பழைய கைப்பேசிகளின் ஏஎம்ஆர், விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் வழங்கிய டபிள்யூஎம்ஏ, வீடியோவாகிய எம்பி4 போன்றவைதாம் விண்டோஸில் முரண்டு செய்பவை. வாட்ஸ்அப் குரலுக்குரிய ஓபஸையும் முந்தைய பதிப்புகள் தாமாகத் திறக்கமாட்டா. இவற்றுக்கு எஃப்எஃப்எம்பெக் என்னும் துணைத் தொகுதி வேண்டும். முற்காலத்துக் கப்பல் வியாபாரிகள் பல பாஷை தெரிந்த துபாஷியை உடன் வைத்துக்கொண்டார்களே, அதே உத்தியோகம்தான் இதற்கு. காப்புரிமைச் சிக்கல்கள் காரணமாக இத்துபாஷியை ஆடாசிட்டியுடன் சேர்த்துக் கொடுப்பதில்லை. நாமே தனியாக இறக்கி நிறுவிக்கொள்ள வேண்டும். நிறுவியபின் ஆடாசிட்டியை மூடித் திறந்தால் பெரும்பாலும் தானே கண்டுகொள்ளும். கண்டுகொள்ளாவிட்டால் எடிட், பிரிஃபரென்சஸ், லைப்ரரீஸ் என்று சென்று இடத்தைக் காட்டிக் கொடுக்கலாம். அதன்பின் கல்யாண வீடியோவைத் திறந்தாலும் படத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

திறப்பதற்கு ஃபைல் பட்டியலில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒரு கோப்பில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஓப்பன் என்பதை அழுத்தினால், அடுத்த கோப்பு வேறொரு ஜன்னலில் திறக்கும். இம்போர்ட் என்பதோ அதே ஜன்னலில், முன்னதற்குக் கீழே இன்னொரு வரியாகச் சேர்க்கும். வாப்பாவின் இரண்டு பேச்சுகளை ஒன்றாக இணைக்க விரும்புகிறவர் இம்போர்ட்டையே பயன்படுத்த வேண்டும். சேர்த்தவுடன் ஓடவிட்டால் இரண்டு குரலும் ஒரே நேரத்தில் பேசும். இரண்டும் தொடக்கத்திலிருந்தே நிறுத்தப்படுவதே காரணம். ட்ராக்ஸ் பட்டியலில் அலைன் எண்ட் டு எண்ட் என்பதை அழுத்தினால் ஒன்று முடிந்தபின் மற்றது வரும்.

கிட்டங்கியில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்க. 128 கிலோபிட் எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மெகாபைட். திறந்ததும் ஆடாசிட்டி அதனைப் பேல் கட்டிய துணியைப் பிரிப்பதுபோல் விரித்துவிடும். வினாடிக்கு 44,100 மாதிரிகள், இரண்டு தடங்கள், ஒவ்வொன்றும் 32 பிட் என்று கணக்கிட்டால் நிமிடத்துக்கு 21 மெகாபைட் ஆகிறது. 1 மணி நேரப் பேச்சு 1¼ ஜிகாபைட்டைத் தாண்டும். 'சின்னக் கோப்புத்தானே, டிஸ்க் எப்படி நிறைந்தது' என்று கேட்பவருக்கு இதுதான் விடை.

சேவ் செய்தால் ஏயுபி3 என்ற கோப்பு கிடைக்கிறது. இது வேலை நடக்கும் பட்டறை; கைப்பேசியில் ஓடாது. பிறருக்கு அனுப்ப எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். கைப்பேசிக்கு எம்பி3 போதும். வீட்டில் பத்திரப்படுத்த வேவ்தான் நல்லது, ஏனெனில் எம்பி3-ஐத் திறந்து மறுபடியும் எம்பி3 ஆக்குந்தோறும் குரல் சிறிது தேய்கிறது. அசல் கோப்பை அமானிதப் பொருள்போல் வேறிடத்தில் தொடாமல் வைத்து, நகலில் வேலை செய்க.

2021 மார்ச்சுக்கு முன் வந்த பதிப்புகளில் ஏயுபி என்ற கோப்புடன் டேட்டா என்று முடியும் ஒரு கோப்புறையும் இருக்கும். குரல் முழுவதும் அந்தக் கோப்புறைக்குள்தான். கோப்பை மட்டும் நகலெடுத்து வந்தவர், சரக்கை விட்டுவிட்டு இன்வாய்ஸை மட்டும் கொண்டுவந்தவர் ஆவார். பழைய கம்ப்யூட்டரை இரும்புக் கடைக்குப் போடுமுன் அந்தக் கோப்புறையைத் தேடி எடுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் இன்றைய பதிப்பும் திறக்கும். சிடியிலிருந்து நகலெடுத்த சிடிஏ கோப்பும் இப்படியே: அது வெறும் 44 பைட், பாட்டு எங்கேயிருக்கிறதென்று சொல்லும் சீட்டு. சிடியைப் போட்டு விண்டோஸ் மீடியா பிளேயரின் ரிப் வழியாக வேவ் ஆக்கித்தான் கொண்டுவர வேண்டும். பூட்டுப் போட்டு விற்கப்படும் பாட்டுகளை ஆடாசிட்டி திறக்காது. இம்போர்ட்டில் ரா டேட்டா என்றொரு வாசலும் உண்டு. வகை தெரியாமல் அதில் எதையும் நுழைத்தால் காதைப் பிளக்கும் இரைச்சலே வரும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் குரல்கள் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ் என்ற கோப்புறையில், வாரவாரியாகப் பிரிந்து கிடக்கும். பெயர் பிடிடி என்று தொடங்கி, அடுத்து 20190412 என்பதுபோல் எண்கள் வரும்: 2019-ஆம் ஆண்டு, 4-ஆம் மாதம், 12-ஆம் தேதி. பேசியவர் யாரென்று அதில் இராது. அதைக் கேட்டுப் பார்த்து, தெரிந்தவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே ஒரு நோட்டில் பெயரெழுதி வைத்துக்கொள்ளுங்கள்.