சோயா மெழுகு: தேர்வும் கலவையும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தாருக்கு மெழுகு புதிய பொருள் அன்று. அண்டையிலுள்ள சிவகாசியிலும் சாத்தூரிலும் தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய காலம் முதல், குச்சியின் நுனியை மருந்தில் தோய்ப்பதற்கு முன்னர் உருக்கிய பாரபின் மெழுகில் தோய்த்தெடுப்பது வழக்கம். மெழுகு ஏறாத குச்சியில் மருந்து மட்டும் சீறி அணைந்துவிடும்; நெருப்பு மரத்துக்குத் தாவாது. நாம் அன்றாடம் கிழிக்கும் குச்சியிலேயே சிறியதொரு மெழுகுவத்தி ஒளிந்திருக்கிறது எனலாம்.

இப்பொழுது நகரங்களில் வேறொரு வகை மெழுகுவத்திக்கு விருப்பம் பெருகியுள்ளது. கண்ணாடிக் கிண்ணத்தில் வார்த்து, வாசனை சேர்த்து, சோயா மெழுகினால் செய்யப்படுவது அது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் குறைந்த முதலில் வீட்டிலேயே செய்யக்கூடிய தொழில் என்று இது பல இடங்களில் எடுத்துரைக்கப்படுகிறது. அடுப்பு, இரண்டு பாத்திரம், தராசு, வெப்பமானி ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம் என்பது உண்மையே. ஆயினும் குளிர்நாட்டார் எழுதி வைத்த அளவுகளை அப்படியே பின்பற்றினால், கார்த்திகையில் வார்த்தது அழகாக நிற்கும். சித்திரையில் அதே சரக்கு எண்ணெய் கசிந்து, சாய்ந்து, கடைக்குப் போகும் வழியிலேயே உருக்குலையும். கடன் வாங்கிய முதல் அவ்விதம் உருகிப் போகாமல் காப்பது எப்படி என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

சோயா மெழுகு என்பது யாது?

தேனீ கூட்டில் சேர்க்கும் மெழுகைப் போன்றோ, மண்ணெண்ணெயின் உறவான பாரபினைப் போன்றோ இது இயற்கையில் மெழுகாகக் கிடைப்பதில்லை. சோயா மொச்சையின் எண்ணெயே இதன் மூலப்பொருள். திரவ எண்ணெயில், நிக்கல் உலோகத்தின் துணையுடன், ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் அது கெட்டிப்படும். இம்முறைக்கு ஜெர்மானிய இரசாயன அறிஞர் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 1937 முதல் டால்டா என்ற பெயரில் வீடுதோறும் புகுந்த வனஸ்பதியும் இதே முறையில் உருவானதுதான். வனஸ்பதிக்கு வாயுவைப் பாதியளவில் நிறுத்திக்கொள்வர்; அதனால் அது விரலுக்கு இளகும். இறுதிவரை செலுத்தினால் 65 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே உருகக்கூடிய, நொறுங்கும் இயல்புள்ள வெண்செதில் கிடைக்கும். சோயாவை மெழுகுவத்திக்கெனத் தனியே பக்குவப்படுத்தி விற்கும் வழக்கம் 1990களில் அமெரிக்காவில் தோன்றியது.

கோயில் வாசல்களில் அகலில் உறையவைத்து விற்கும் ‘நெய் விளக்கு’களுள் பலவும் வனஸ்பதியால் ஆனவையே. ஆகவே சோயா மெழுகுவத்தியை அந்நிய விந்தையாக எண்ண வேண்டுவதில்லை. அது நம் வனஸ்பதி விளக்கின் சற்றுக் கெட்டியான உடன்பிறப்பு.

தேர்ந்தெடுக்கும் முறை

கடையில் ‘சோயா மெழுகு’ என்ற ஒரே பெயரில் இருவகைச் சரக்கு விற்பனையாகிறது. ஒன்று கிண்ணத்தில் வார்ப்பதற்கான மென்மெழுகு. இது பெரும்பாலும் 45 முதல் 52 டிகிரிக்குள் உருகும். கண்ணாடிச் சுவரில் நன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை மென்மையாகச் செய்கின்றனர். மற்றொன்று அச்சில் வார்த்துத் தூண்போல் நிறுத்துவதற்கான வன்மெழுகு. இது இன்னும் சில டிகிரி மேலே உருகும். ஆறும்போது சுருங்கி அச்சிலிருந்து எளிதில் விடுபடும். இவ்விரண்டையும் மாற்றி வாங்குவதால் நேரும் நஷ்டம் மிகுதி. மென்மெழுகில் வார்த்த தூண் குனியும். வன்மெழுகு கிண்ணத்தின் சுவரைவிட்டு விலகி வெள்ளைத் திட்டுக்களைக் காட்டும்.

வெயில் காலத்தில் நம் பகுதியில் நிழலிலேயே 38 டிகிரி வரை வெப்பம் ஏறுவதுண்டு; சில நாட்களில் அதற்கு மேலும் செல்லும். தகரக் கூரையின் கீழும், கதவடைத்த வண்டியினுள்ளும் 50 டிகிரியை எட்டுவது அரிதன்று. மென்மெழுகின் உருகுநிலையே ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதைக் கவனிக்கவும். ஆதலால் மெழுகு வாங்கும்போது முதலில் கேட்க வேண்டுவது விலை அன்று, உருகுநிலையே. விற்பவர் அதற்கான தாளைத் தர மறுத்தால் அச்சரக்கைத் தவிர்ப்பது நலம். சோயாவென்று சொல்லிப் பாரபின் கலந்து தருவோரும் உளர்.

தாளை மட்டும் நம்பியிராமல் வீட்டிலேயே சோதிக்கவும் எளிய வழி உண்டு. வெப்பமானியின் குமிழை உருகிய மெழுகில் ஒருமுறை தோய்த்தெடுத்து, மேற்பூச்சு உறையும்வரை ஆறவிடுக. பின்னர் அதனை ஒரு வெற்றுக் கண்ணாடிக் குழாயினுள் அடிப்புறம் தொடாதவாறு தொங்கவிட்டு, அக்குழாயை நீருள்ள பாத்திரத்தில் நிறுத்தி, நீரை மெல்லச் சூடேற்றுக. முதல் துளி எந்த டிகிரியில் சொட்டுகிறதோ அதனைக் குறித்துக்கொள்க. மும்முறை செய்து நடுவான எண்ணை எடுத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு மூட்டையையும் இவ்விதம் சோதித்து நோட்டில் எழுதி வைக்கும் குழு ஏமாறுவது அரிது.

இங்கே ஒரு கேள்வி எழும். இராஜபாளையத்தைச் சுற்றித் தென்னந்தோப்புகள் நிறைந்திருக்க, மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளையும் சோயாவை ஏன் நாட வேண்டும், தேங்காய் எண்ணெயையே மெழுகாக்கலாகாதா என்பது அது. உள்ளூர்ப் பொருளை நாடும் எண்ணம் போற்றத் தக்கதே. ஆனால் பொருள் இடம் கொடுக்கவில்லை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகும். மார்கழியில் புட்டியில் உறைந்து நிற்பது பங்குனியில் தண்ணீராக ஓடுவதை யாவரும் அறிவோம். அதில் ஹைட்ரஜனை ஏற்றுக்கொள்ளக்கூடிய பகுதி மிகக் குறைவாதலால், முற்றிலும் ஏற்றினாலும் 36 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். கிண்ணத்துக்குள் வழவழப்பு வேண்டின் சிறிதளவு சேர்க்கலாம். நம் வெயிலுக்கு அதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து.

கலவை

மென்மெழுகைக் கடினமாக்குவதற்குச் சில துணைப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் முதலாவது தேன்மெழுகு. இது 62 முதல் 65 டிகிரிக்குள் உருகும்; கலவைக்கு உறுதியும் நெகிழ்வும் ஒருங்கே தரும்; சோயாவின் மேற்பரப்பில் உப்புப் பூத்தாற்போல் தோன்றும் வெண்படலத்தையும் ஓரளவு குறைக்கும். நூறு பங்கில் பத்து முதல் இருபது பங்கு போதுமானது. அதற்கு மேற்சென்றால் வாசனை மங்கும், சுடரும் திணறும். செண்பகத்தோப்புப் பக்கத்து மலையில் பளியர்கள் தேனெடுத்து வந்தது பழைய வழக்கம். இக்காடுகள் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. ஆகவே காட்டு மெழுகைத் தேடிப் போகாமல், மார்த்தாண்டம் போன்ற தேனீ வளர்ப்பு மிகுந்த ஊர்களிலிருந்து பெட்டித் தேனீயின் மெழுகை வாங்குவதே முறை.

இரண்டாவது ஸ்டியரிக் அமிலம். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம்; கொழுப்பிலிருந்து பிரித்தெடுக்கும் வெண்ணிறச் செதில் அது; சவுக்காரத் தொழிலாளர் நன்கறிந்தது. செவ்ரோல், கேலுசாக் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1825இல் இதைக்கொண்டு மெழுகுவத்தி செய்யக் காப்புரிமை பெற்ற பின்னரே, நாற்றமும் புகையும் மிகுந்த விலங்குக் கொழுப்பு விளக்குகள் ஒழியத் தொடங்கின. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சேர்த்தால் மெழுகு இறுகும். மிகுந்தால் நொறுங்கும்.

அரிசித் தவிட்டு எண்ணெய் ஆலைகளில் உபபொருளாகக் கிடைக்கும் தவிட்டு மெழுகு 77 டிகிரிக்கு மேலேதான் உருகும். ஆகவே இரண்டு மூன்று பங்கே நல்ல வலிமை தரும். பாரபினைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. சென்னை மணலி சுத்திகரிப்பாலையிலும் உற்பத்தியாவது. 58–60 டிகிரி வகையை வாங்கி மூன்றிலொரு பங்கு கலந்தால் தூண் மெழுகுவத்தி இப்பகுதியில் நிமிர்ந்து நிற்கக்கூடும். ஆனால் அதனைச் ‘சுத்த சோயா’ என்று சீட்டு ஒட்டி விற்பது நேர்மையாகாது.

கலவை செய்வோர் ஒரு கணக்கில் தவறுவதுண்டு. 48 டிகிரி மெழுகையும் 62 டிகிரி மெழுகையும் சரிபாதி கலந்தால் 55 டிகிரியில் உருகும் என்று எண்ணிவிடுவர். மெழுகுகள் அவ்விதம் கூட்டிக் கழித்து நடப்பதில்லை. இளகிய பகுதி தன் காலத்திலேயே இளகத் தொடங்கும். கெட்டியான பகுதி அதனைச் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை ஏட்டில் காண இயலாது. வெயிலில் வைத்துத்தான் காண வேண்டும்.

ஆகையால் முதலில் நூறு நூறு கிராமாக நான்கு மாதிரிகள் வார்க்கவும். ஒன்று தனிச் சோயா. இரண்டாவது சோயா 90, தேன்மெழுகு 10. மூன்றாவது சோயா 80, தேன்மெழுகு 20. நான்காவது சோயா 95, ஸ்டியரிக் அமிலம் 5. ஒரு வாரம் ஆறிய பின், ஒரு தகரப் பெட்டியில் வெப்பமானியுடன் வைத்து மூடி, முற்பகல் பதினொரு மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை வெயிலில் விடுக. எது வியர்த்தது, எது விரலுக்குக் குழைந்தது, எது குலையாமல் நின்றது, அப்பொழுது பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்பவற்றை எழுதிக்கொள்க. சித்திரை வைகாசியில் ஒரு நாள் செய்யும் இச்சோதனை, ஒரு மூட்டைச் சரக்கைக் காப்பாற்றும்.

திரி

மெழுகில் காட்டும் கவனத்தைத் திரியில் காட்டாதோர் பலர். இதில் நம் வட்டாரத்துக்கு இயற்கையான அனுகூலம் உண்டு. இராஜபாளையம் மில்ஸ் 1936இல் நிறுவப்பட்டது முதல் இது நூலின் ஊர். அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணிக்குப் பெயர் பெற்றது. பஞ்சில் இயற்கையாகவே ஒருவகை மெழுகுப் பூச்சு உண்டு. அது நீங்கினாலன்றித் திரவத்தை உறிஞ்சாது. மருத்துவத் துணிக்காக வெளுத்த நூலில் அப்பூச்சு நீக்கப்பட்டிருப்பதால் அது உருகிய மெழுகையும் விரைந்து உறிஞ்சும். ஆனால் நூலை முறுக்கினால் மட்டும் போதாது. பின்னலாகப் பின்ன வேண்டும். பின்னிய திரி எரியும்போது நுனி வளைந்து சுடரின் ஓரத்தில் தானே சாம்பலாகும். முறுக்கிய திரி நிமிர்ந்து நின்று கரிமொட்டுக் கட்டும். ஒரு தம்ளர் வெந்நீரில் இரண்டு கரண்டி வெங்காரமும் ஒரு கரண்டி உப்பும் கரைத்து, திரியை ஒரு நாள் ஊறவைத்து, நன்கு உலர்த்தி, மெழுகில் தோய்த்து நேராக இழுத்து வைக்கவும்.

சோயா மெதுவாக உருகும் பொருள். அதற்குப் பாரபினைவிடச் சற்றுத் தடித்த திரி வேண்டும். தேன்மெழுகு கலந்தால் இன்னும் ஒரு படி தடிப்பு. ஏற்றிய இரண்டு மூன்று மணி நேரத்தில் கிண்ணத்தின் முழு அகலமும் உருகியிருந்தால் திரி சரியானது. நடுவில் மட்டும் கிணறுபோல் குழி விழுந்தால் திரி மெலிந்தது. சுடர் துள்ளிப் புகைந்தால் தடித்தது. கலவையை மாற்றும்போதெல்லாம் திரியையும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

வார்த்தல்

மெழுகை நேரடி நெருப்பில் வைக்கலாகாது. கொதிநீர்ப் பாத்திரத்தினுள் இன்னொரு பாத்திரத்தை வைத்து அதில் உருக்குக. முதலில் கெட்டியான துணைப்பொருளை உருக்கி, அதில் சோயாவைச் சேர்த்து, 75 முதல் 80 டிகிரி வரை கொணர்ந்து இறக்கவும். நூறு கிராம் மெழுகுக்கு ஆறு கிராம் வாசனைத் தைலம் போதும். இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குக. 55 முதல் 60 டிகிரியில் வார்க்கலாம். தேன்மெழுகு மிகுந்த கலவை அதற்குள் உறையத் தொடங்குமாயின் சில டிகிரி முன்னரே வார்த்துவிடுக. கிண்ணத்தை முன்னதாக வெயிலில் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் சுவரைவிட்டு விலகுவது குறையும். மின்விசிறிக் காற்று ஆகாது. சோயாவில் வாசனை ஊறிப் படிய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். வார்த்த மறுநாளே முகர்ந்து பார்த்து, போதவில்லை என்று தைலத்தை அதிகமாக்குவது வீண் செலவு.

சாதாரணத் தேநீர்க் கண்ணாடித் தம்ளர் சூட்டில் விரிசல் விடக்கூடும். வெப்பம் தாங்கும் கண்ணாடியே ஏற்றது. மண் அகலில் வார்க்க விரும்புவோர், மெருகில்லாத மண் மெழுகை உறிஞ்சி அடியில் கசியும் என்பதறிந்து, உட்புறம் பூச்சிட்ட அகலையே கொள்ள வேண்டும். உருக்கும் மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. நீர் ஆவியாகி எரியும் மெழுகை நாற்புறமும் சிதறடிக்கும். பொருத்தமான மூடி ஒன்று எப்பொழுதும் கையருகில் இருக்கட்டும். தீப்பெட்டி, பட்டாசு வேலை நடக்கும் வீட்டிலோ அதையடுத்தோ இத்தொழிலைச் செய்யவே கூடாது.

விலை நிர்ணயிக்கும் முன்னர் எடையைக் கணக்கிட்டுக்கொள்க. நூறு மில்லி கிண்ணத்தில் எண்பது மில்லி வார்ப்பின் சுமார் 72 கிராம் மெழுகு கொள்ளும். தைலம் சேர்ந்த ஒரு கிலோ மெழுகுக் கலவையிலிருந்து பாத்திரத்தில் ஒட்டுவது போகப் பதின்மூன்று கிண்ணம் தேறும். இதனுடன் கிண்ணம், திரி, தைலம், அட்டைப்பெட்டி, எரிபொருள், உடைசல் ஆகியவற்றையும், செய்பவரின் கூலியையும் சேர்க்க வேண்டும். வீட்டு வேலைதானே என்று கூலியை விட்டுவிட்டுக் காணும் இலாபம் இலாபம் அன்று.

‘புகையே வராது’ என்ற விளம்பரத்தை ஒட்ட வேண்டாம். திரி நீண்டாலும் காற்று வீசினாலும் எம்மெழுகும் கரி உமிழும். சீட்டில் எழுத வேண்டியவை வேறு: கலவையில் என்னென்ன உள்ளன, எந்த மாதம் வார்த்தது, ஏற்றுமுன் திரியை ஐந்து மில்லிமீட்டருக்குக் கத்தரிக்க வேண்டும், தொடர்ந்து நான்கு மணிக்கு மேல் எரிக்கலாகாது, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை வெளியூர்ச் சரக்கை இரவு வண்டியிலேயே ஏற்றுக. பெட்டிகளைக் கூரையின் மேல் கட்ட விடாதிருக்கவும்.